வளைத்துப் பார்த்த பிறகு வரைந்த கட்டடம்: ஷ்டுட்கார்ட் மாணவர்களின் 2010 பெவிலியன்

6.5 மில்லிமீட்டர் ப்ளைவுட் என்பது நம் ஊரில் அலமாரிக்கு முதுகுப் பலகையாக அடிக்கிற சரக்கு. அதில் நீளமாக ஒரு பட்டை அறுத்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொங்கிவிடும். இதை மட்டும் வைத்து 12 மீட்டருக்கும் அதிகமான விட்டத்தில் ஆள் நுழைந்து நடமாடுகிற கூடாரம் (பெவிலியன்) ஒன்றை நிறுத்தலாம் என்று சொன்னால் அனுபவமுள்ள தச்சர் யாரும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்தில் 2010 கோடையில் மாணவர்கள் அதை நிறுத்தினார்கள். மெதுவடையைப் போல நடுவில் குழிந்த உருவம். பிர்ச் மரப் ப்ளைவுட் பட்டைகளை வளைத்து, ஒன்றை இன்னொன்றோடு கோத்துக் கட்டியது. வேலையை முன்னின்று நடத்தியவை இரண்டு துறைகள்: அஹிம் மெங்கஸ் தலைமையிலான கணினிவழி வடிவமைப்புத் துறை, யான் க்னிப்பர்ஸ் தலைமையிலான கட்டமைப்புப் பொறியியல் துறை.

அந்தக் கூடாரம் அழகானது. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அழகுக்காக இல்லை, அது உருவான வரிசைக்காக.

நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டுக்கு ஸ்டூடியோ, அதாவது வடிவமைப்பு வகுப்பு, எடுக்கிறேன். எங்கள் ஸ்டூடியோக்களில் வேலை எப்படி நடக்கும் என்பது இந்தப் படிப்பைப் படித்த எல்லோருக்கும் தெரியும். முதலில் கான்செப்ட். அப்புறம் பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என்று வரைபடங்கள். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி சன் போர்டு என்கிற நுரைப் பலகையும் கட்டரும் வாங்கி வந்து மாடல். ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றைச் சின்னதாகச் செய்து காட்டுவதோடு அந்த மாடலின் வேலை முடிந்துவிடுகிறது. செய்தவருக்கு அது புதிதாக எதையும் சொல்வதில்லை. மாணவர் வேலையை மதிப்பிடும் ஒரு ஜூரியில், கூரை ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டபோது ஒரு மாணவி, "அலை மாதிரி இருக்கணும்னு நினைச்சேன் சார்" என்றாள். அவள் நினைத்ததில் தப்பே இல்லை. அந்தக் கூரையை எதால் செய்வது, அந்தப் பொருள் அப்படி வளைய இடம் கொடுக்குமா என்று அவளே சோதித்துப் பார்க்கும் ஒரு கட்டத்தை நாங்கள்தான் எங்கும் வைக்கவில்லை. அதை முதல் வாரத்திலேயே வைத்தால் படிப்பு எப்படி மாறும் என்பதற்கு ஷ்டுட்கார்ட்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சோப்புப் படலமும் நூல் கண்ணியும்

2010 பெவிலியன் அந்தரத்தில் முளைத்ததில்லை. அதற்குப் பின்னால் ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை ஷ்டுட்கார்ட்டில் ஆரம்பித்தவர் ஃப்ரை ஓட்டோ என்ற கட்டடக் கலைஞர். 1925-இல் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் விமானி. போர் முடிந்ததும் பிரான்சில் ஷார்த்ர் அருகே கைதி முகாமில் இருந்தார். அங்கே கட்டுமான வேலைகளைப் பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பொருட்கள் மட்டும் வரவில்லை. இருப்பதை வைத்து, எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு குறைவாகப் போட்டுக் கட்டுவது என்கிற கவனம் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. 1964-இல் ஷ்டுட்கார்ட்டில் இலகு கட்டமைப்புகளுக்கான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனத்தின் கட்டடமே ஒரு சோதனை மாடல் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1967 மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் அரங்குக்கு ஓட்டோ குழுவினர் கம்பிவலைக் கூடாரம் ஒன்றை வடிவமைத்திருந்தார்கள். அது நிற்குமா, எப்படித் தூக்கி நிறுத்துவது என்று பார்க்க 1966-இல் ஷ்டுட்கார்ட்டின் ஃபைஹிங்கன் பகுதியில் ஒரு பங்கை நிஜ அளவில் கட்டினார்கள். சோதனை முடிந்ததும் அதைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. இடம் மாற்றி நிறுத்தி, மேலே கூரை போட்டு, அதையே நிறுவனத்தின் வீடாக்கிக்கொண்டார்கள். அங்கே படிக்க வந்தவர்கள் தினமும் ஒரு மாடலுக்குள் உட்கார்ந்துதான் மாடல் செய்தார்கள்.

அங்கே நடந்த சோதனைகளில் ஒன்றை நீங்கள் சமையலறையிலேயே செய்யலாம். ஒரு கம்பி வளையம் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலில் ஒரு சின்னக் கண்ணி முடிந்து, வளையத்தின் குறுக்கே தொங்கும்படி கட்டுங்கள். சோப்பு நீரில் முக்கி எடுத்தால் வளையம் முழுக்கப் படலம் பிடித்திருக்கும். நூல் கண்ணி அதன் நடுவில் எந்த ஒழுங்கும் இல்லாமல், கோணல்மாணலாக மிதக்கும். இப்போது ஊசியால் கண்ணிக்கு உள்ளே இருக்கும் படலத்தை மட்டும் குத்துங்கள். கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கண்ணி துல்லியமான வட்டமாக விரிந்து நிற்கும். யாரும் காம்பஸ் வைத்து வரையவில்லை. வெளியே மிச்சமிருக்கிற படலம் எல்லாத் திசையிலும் சமமாக இழுக்கிறது, தன் பரப்பை முடிந்த மட்டும் சுருக்கப் பார்க்கிறது. படலம் மிகச் சிறியதாக வேண்டுமென்றால் ஓட்டை மிகப் பெரியதாக வேண்டும். இருக்கிற நூல் நீளத்துக்கு மிகப் பெரிய ஓட்டை என்றால் அது வட்டம்தான்.

இதில் கட்டடம் எங்கே வருகிறது? கூடாரத்தை ஒரு கம்பத்தின் நுனியால் முட்டித் தூக்கினால் அந்த ஒரு புள்ளியில் இழுவிசை குவிந்து துணி கிழியும். சோப்புப் படலமும் அப்படித்தான், ஒற்றைப் புள்ளியில் தூக்க விடாது. நூல் கண்ணி போட்டுத் தூக்கினால் தாங்கும். ஓட்டோ அதை அப்படியே பெரிதாக்கினார். கம்பத்திலிருந்து இறங்கும் ஒரு கம்பிக் கண்ணியில் வலை வந்து சேர்கிறது, விசை கண்ணி முழுக்கப் பரவிக்கொள்கிறது. கண்ணிக்கு நடுவில் வரும் திறப்பை அவர்கள் 'கண்' என்றே அழைத்தார்கள். ஃபைஹிங்கன் கட்டடத்தில் அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், வெளிச்சம் அதன் வழியே இறங்குகிறது. கூரையில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு யாரும் ஆரம்பிக்கவில்லை. கிழியாமல் தூக்குவது எப்படி என்று கேட்டார்கள், பதிலோடு ஜன்னலும் வந்து சேர்ந்தது. மாணவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது நான் கொஞ்சம் மெதுவாகவே சொல்வேன்.

வடிவம் கொடுப்பது ஒன்று, வடிவம் கண்டெடுப்பது இன்னொன்று. ஓட்டோ இரண்டாவதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார். தொங்கும் சங்கிலி அதற்கு இன்னொரு வழி. சங்கிலியைத் தொங்கவிட்டால் அதில் இழுவிசை மட்டும்தான் இருக்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் அழுத்தவிசை மட்டுமே உள்ள வளைவு கிடைக்கும். ஒரு வலையையே தொங்கவிட்டு அப்படிக் கண்டெடுத்த வடிவம்தான் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1975-இல் திறந்த மல்ட்டிஹாலே என்ற அரங்கம். 5 சென்டிமீட்டர்ச் சதுர மரச் சட்டங்களைத் தரையில் தட்டையாகக் கட்டம் கட்டமாகப் போல்ட் போட்டு, கீழிருந்து தள்ளி மேலே எழுப்பினார்கள், சட்டங்கள் வளைந்து குவிமாடமாக நின்றன. தாங்குமா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய குப்பைத் தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு தோட்டக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டியது, இன்றும் நிற்கிறது.

ஈரக் கம்பளி

ஓட்டோவின் நிறுவனத்தில் 1990-களின் தொடக்கத்தில் வந்த கம்பளி நூல் சோதனையை நான் என் வகுப்பில் செய்து பார்த்தேன். செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. ஒரு வட்டச் சட்டத்தின் ஓரம் முழுக்கச் சம தூரத்தில் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலிருந்தும் மற்ற எல்லா ஆணிகளுக்கும் நூல் கட்ட வேண்டும். நூலை விறைப்பாகக் கட்டக் கூடாது, சுமார் 8 சதவீதம் தொய்வு விட வேண்டும். அப்புறம் மொத்தத்தையும் தண்ணீரில் முக்கி வெளியே எடுக்க வேண்டும்.

முதல் தடவை எங்களுக்கு எதுவும் வரவில்லை. மாணவர்கள் நூலை வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள், தண்ணீரிலிருந்து எடுத்தபோது போன மாதிரியே திரும்பி வந்தது. இரண்டாவதில் தொய்வு ரொம்ப அதிகம், ஈர நூல் எல்லாம் நடுவில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில், தண்ணீரை விட்டு மேலே வரும்போதே நூல்கள் ஒன்றையொன்று இழுத்து, பக்கத்தில் இருப்பவை சேர்ந்து தடித்து, நடுவே காலி இடங்கள் திறந்து, இலை நரம்பு போல ஒரு வலை உருவாவதைக் கண்ணெதிரே பார்த்தோம். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது.

ஆணிகளை ஊர்களாகவும் நூல்களைச் சாலைகளாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரையும் எல்லா ஊரோடும் நேர்க்கோட்டில் இணைத்தால் பயண தூரம் குறைவு, ஆனால் போட வேண்டிய சாலை மிக அதிகம். ஈர நூல் பாதைகளைப் பகிர்ந்துகொள்ள வைக்கிறது. ஒவ்வொருவரும் கொஞ்சம் சுற்றிப் போக ஒத்துக்கொண்டால் மொத்தச் சாலை நீளம் வெகுவாகக் குறைகிறது. எவ்வளவு சுற்று என்பதை அந்த 8 சதவீதத் தொய்வு முடிவு செய்கிறது. வடிவத்தை நாங்கள் தீர்மானிக்கவில்லை, தொய்வைத் தீர்மானித்தோம். விதியை மட்டும் கொடுத்து வடிவத்தைத் தானாக உருவாகவிடும் ஜெனரேட்டிவ் டிசைன் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் கணினித் திரையை நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் அதைக் காட்டிவிட்டால் திரையில் எண்ணைக் கூட்டிக் குறைக்க வரும் ஸ்லைடர்கள் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அதுவும் தொய்வு மாதிரிதான், மாணவர் கையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

பட்டை சொன்ன கணக்கு

சரி, 2010-க்கு வருவோம்.

வேலை ஆரம்பித்தது பட்டை வளைப்பதில். மெல்லிய ப்ளைவுட் பட்டைகளை விதவிதமாக வளைத்து, எவ்வளவு வளைகிறது என்று அளந்து குறித்துக்கொண்டே போனார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஏராளமான சோதனைகள். அப்படிக் கிடைத்த அளவுகள்தான் பின்னால் கணினி நிரலுக்கு விதிகளாக மாறின.

இந்த அளவெடுப்பு ஏதோ சடங்கு போலத் தோன்றலாம். ஒரு மீட்டர் நீளப் பட்டையை மேசையில் படுக்க வைத்து, ஒரு முனையைச் சுவரில் முட்டக் கொடுத்து, மறுமுனையை 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். நடுப்பகுதி 6 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக மேலே எழும்பும். முதல் தடவை பார்ப்பவர்கள் யாரும் இவ்வளவு உயரத்தை எதிர்பார்ப்பதில்லை. உயரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் 2 சென்டிமீட்டர் தள்ளினால் போதும் என்று நினைப்போம். போதாது, 4 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். கனத்தைப் (தடிமனைப்) பற்றியும் பட்டை சொல்லும். கனத்தை இரட்டிப்பாக்கினால் வளைக்கத் தேவையான பலம் எட்டு மடங்காகிறது. ஒரே வளைவில் வளைத்தாலும் கனமான பட்டையின் மேல்நார் இரண்டு மடங்கு இழுபடுகிறது, சீக்கிரம் முறிகிறது. மேல் அடுக்கு நார் நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்குவாக்கில் ஓடுகிறதா என்பதும் கணக்கை மாற்றிவிடும். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் வரையும் வளைவும், தெரியாமல் வரையும் வளைவும் தாளில் ஒன்று போல இருக்கலாம். முதலாவதை மட்டும்தான் கட்ட முடியும்.

அடுத்த கேள்வி, வளைத்த பட்டையை வளைந்தபடியே யார் பிடித்து வைத்திருப்பது. ஷ்டுட்கார்ட் குழுவின் பதில் எனக்கு வில்லையும் நாணையும் நினைவுபடுத்துகிறது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை ஜோடி சேர்த்தார்கள். ஒரு பட்டை வளைந்து நிமிரப் பார்க்கிற இடத்தில் பக்கத்துப் பட்டை விறைப்பாக இழுபட்டு அதைத் தடுக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் வேலை மாறுகிறது, இழுத்துப் பிடித்தது வளைகிறது, வளைந்தது பிடிக்கிறது. ஒரே பட்டை தன் நீளத்தில் மாறி மாறி வில்லாகவும் நாணாகவும் இருக்கிறது. வளைக்கும்போது உள்ளே அடைபட்ட விசையே கூடாரத்துக்கு விறைப்பைக் கொடுக்கிறது. வளைத்தால் பலவீனம் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அப்புறம் இணைப்புப் புள்ளிகள். எல்லா ஜோடிகளிலும் இணைப்பு ஒரே உயரத்தில் வந்தால் அவை சுற்றிலும் ஒரே வரிசையாகி, வளைவு விசையெல்லாம் அந்த வரிசையில் குவியும், கட்டமைப்பு அங்கே மடங்கிப்போகும். செங்கல் அடுக்கும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது என்று கொத்தனார் சித்தாளுக்குச் சொல்வாரே, அதே காரணம். ஆகவே ஒவ்வொரு பட்டையிலும் இணைப்பு இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். இதன் விளைவாக 80 வகைப் பட்டைகள் வந்தன, அவற்றுக்கு 500-க்கும் மேற்பட்ட துண்டுகள், ஒன்று போல இன்னொன்று இல்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது அலை அலையாகத் தெரியும் அந்த மேற்பரப்பு அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. இணைப்பு நகர்ந்த பாதை அது.

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் கணினி தவிர்க்க முடியாததாகிறது. 500 வேறுபட்ட துண்டுகளைக் கையால் வரைய முடியாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஒரு இணைப்பை நகர்த்தினால் அக்கம்பக்கத்தில் எல்லாமே மாறுகிறது. 6,400 வரி நிரல் எழுதினார்கள். அளவெடுத்த விதிகள் அதற்குள் இருந்தன. வடிவம், பொறியியல் கணிப்புக்கான தரவு, ரோபோ அறுப்பதற்கான தரவு எல்லாம் அந்த ஒரே நிரலிலிருந்து வெளியே வந்தன. பலம் சரிபார்க்கும் கணிப்பையும் முடிந்த வடிவத்திலிருந்து தொடங்கவில்லை. 80 பட்டைகளையும் கணினிக்குள் தட்டையாகப் பரப்பி, அங்கேயே வளைத்து, அங்கேயே கோத்துப் பார்த்தார்கள். வளைக்கும்போது ஏறும் தகைவும் (உள்விசையும்) கணக்கில் வர வேண்டுமென்றால் வேறு வழியில்லை. கட்டுகிற வரிசை எதுவோ கணக்கின் வரிசையும் அதுவே.

துண்டுகளை ஆறு அச்சு ரோபோ தட்டையாக வெட்டிக் கொடுத்தது. வளைப்பதற்கென்று வார்ப்புச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மாணவர்கள் வளாகத்தில் கோத்துக்கொண்டே போக, பட்டைகள் தாங்களாகவே வளைந்து வடிவத்துக்கு வந்தன.

இதோடு முடித்திருந்தால் ஒரு நல்ல பெவிலியன், அவ்வளவுதான். கட்டி முடித்த கூடாரத்தை லேசர் கருவியால் அளந்து, கணினி சொன்ன வடிவத்தோடும் பொறியியல் கணிப்பு சொன்னதோடும் ஒப்பிட்டார்கள். மூன்றும் நன்றாகப் பொருந்தின. எந்தக் கல்லூரி ஸ்டூடியோவிலும் நாம் தவறவிடுகிற படி இது. மாடல் முடிந்தது, மதிப்பெண் போட்டாயிற்று, மறுநாள் மாடல் குப்பைக்குப் போயிற்று. நாம் நினைத்ததற்கும் வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யாரும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால்தானே அடுத்த சுற்றுக்குக் கேள்வி கிடைக்கும்?

அடுத்தடுத்த ஆண்டுகள்

அடுத்த சுற்று உண்மையிலேயே வந்தது. 2011-இல் அதே 6.5 மில்லிமீட்டர் ப்ளைவுட், ஆனால் வளைக்காமல் தட்டையான பலகைகளாக. தட்டைக் கடல் முள்ளெலி என்ற கடல் உயிரி ஒன்றின் ஓட்டில் தகடுகள் விரல் கோத்தது போலப் பிணைந்திருப்பதைப் பார்த்து, 850-க்கும் மேற்பட்ட வெவ்வேறு துண்டுகளை ஒரு லட்சத்துக்கும் அதிகமான விரல் மூட்டுகளால் சேர்த்தார்கள். 2012-இல் மரத்தையே விட்டுவிட்டு கண்ணாடி இழைக்கும் கார்பன் இழைக்கும் போனார்கள். 8 மீட்டர் அகலக் கூடு, ஓட்டின் கனம் சராசரி 4 மில்லிமீட்டர், மொத்த எடை 320 கிலோவுக்கும் குறைவு. 2014-15-இல் காற்றடைத்த மெல்லிய உறைக்கு உள்ளிருந்து ரோபோ கார்பன் இழையை ஒட்டியது. உறை தொட்டால் அசையும், ஆகவே ரோபோ அழுத்தத்தை உணர்ந்து தன் பாதையைத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது.

2015-16 பெவிலியனைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறுபடியும் கடல் முள்ளெலி, மறுபடியும் வளைத்த ப்ளைவுட். ஆக 2010-இன் வளைப்பும் 2011-இன் தகடும் இங்கே சேர்கின்றன. 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையே கனமுள்ள மரத்தில் ஆணியும் போல்ட்டும் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அவர்கள் தைத்தார்கள். ரோபோ வளைந்த பட்டைகளைத் தொழிற்சாலைத் தையல் எந்திரத்துக்கு நகர்த்திக் கொடுக்க, ஊசி ப்ளைவுட்டைத் துளைத்துத் தையல் போட்டது. 151 பகுதிகள், 9.3 மீட்டர் அகலம், 780 கிலோ. செருப்புத் தைப்பவரின் கையில் இருக்கிற நுட்பம் கட்டடத்துக்கு வர, ஒரே குழு ஒரே பொருளோடு ஐந்தாறு வருடம் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஒரு செமஸ்டரில் இது வராது. முந்தின வருட மாணவர்கள் அளந்து எழுதி வைத்த தாளிலிருந்து இந்த வருட மாணவர்கள் தொடங்கினால் மட்டுமே வரும்.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

ரோபோவும் கார்பன் இழையும் நம் கல்லூரிகளில் கிடையாது, இது நமக்குச் சரிப்படாது என்று சக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கவலையாகத் தெரியவில்லை. ஓட்டோவிடம் சோப்பும் நூலும்தான் இருந்தன. என் கவலை வேறு. இந்த பெவிலியன்களில் குளியலறை கிடையாது, மாடிப்படி கிடையாது, பத்து மழைக்காலம் தாங்க வேண்டிய அவசியம் கிடையாது, அங்கே குடியிருக்கப்போகிற கிழவி ஒருவரும் கிடையாது. பொருளோடு பேசக் கற்றுக்கொண்ட மாணவர் மனிதரோடு பேசக் கற்றுக்கொள்ளாமல் போக வாய்ப்பிருக்கிறது. ஆகவே ஐந்தாண்டுப் படிப்பும் இப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டில் ஒரு ஸ்டூடியோவாவது முழுசாக இப்படி இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வேன்.

இன்னொரு ஆபத்து, கருவியை மட்டும் எடுத்துக்கொள்வது. கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஸ்லைடரை இழுத்து அரை மணி நேரத்தில் ஐம்பது வடிவம் எடுத்து ஷீட்டில் வரிசையாக ஒட்டி, இதுதான் இட்டரேஷன் (திரும்பத் திரும்பத் திருத்திச் செய்வது) என்று கொண்டுவருவார்கள். ஐம்பதும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன் என்று கேட்டால், பார்க்க நன்றாக இருந்தது என்பார்கள். ஷ்டுட்கார்ட்டின் 6,400 வரிகளும் ஓடியது பட்டை வளைத்து அளந்த எண்களின் மேல்.

இந்தப் புரிதலோடு நான் ஸ்டூடியோவில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். முதலாவது, ஒரு மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் நடுவில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். நீளத்தை மாற்றினால் கனத்தைத் தொடக் கூடாது. மாணவர்களுக்கு இது முதலில் பெரிய தண்டனையாகத் தெரியும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு, எது எதனால் நடந்தது என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். இரண்டாவது, மதிப்பெண்ணில் பாதி நோட்டுக்கு. என்ன கேட்டேன், எதை மாற்றினேன், என்ன ஆனது, அடுத்து என்ன, இந்த நான்கும் ஒவ்வொரு மாடலுக்கும் எழுதியிருக்க வேண்டும். முறிந்த மாடலைத் தூக்கிப் போடக் கூடாது, முறிந்த இடத்தில் வட்டம் போட்டு மேசையில் வைக்க வேண்டும். ஜூரி அன்று கடைசி மாடலிலிருந்து பேச விடுவதில்லை, முதல் மாடலிலிருந்துதான் பேச வேண்டும்.

பொருளாக மூங்கிலை எடுத்தோம். ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுபவர்களைப் போய்ப் பார்த்தோம். தரையில் மூங்கில் பட்டைகளைப் பரப்பிப் பின்னி, நடுவில் பாரம் வைத்து, ஓரங்களை மேலே வளைத்து விளிம்பில் கட்டினார்கள். மன்ஹைமில் மரச் சட்டங்களைத் தட்டையாகக் கோத்து எழுப்பினார்கள் என்று பாடத்தில் சொன்னபோது தலையாட்டிய மாணவர்கள், இங்கே மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து பட்டைக்குப் பட்டை இடைவெளியை அளந்துகொண்டிருந்தார்கள்.

அலை மாதிரி கூரை வேண்டும் என்று சொன்ன மாணவி அந்தக் குழுவில் இருந்தாள். பக்கவாட்டில் திறந்த, நாலு பேர் உட்காரக் கூடிய நிழல் பந்தல் ஒன்றை அவளும் மூன்று பேரும் செய்தார்கள். முதல் மாடல் நின்றது, ஆனால் அலை எழவேயில்லை. இரண்டாவதில் முனைகளை இன்னும் உள்ளே தள்ளினார்கள், எழுந்தது. நிஜ அளவில் செய்த மூன்றாவது, கட்டி முடித்த அன்று சாயங்காலமே வரிசையாக ஐந்து பட்டை முறிந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை முறிந்த துண்டுகளை ஸ்டூடியோ தரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தும் கணுவை ஒட்டித்தான் முறிந்திருந்தன. எல்லாம் ஒரே மூங்கிலைப் பிளந்து எடுத்த பட்டைகள், ஒரே பக்கமாகவே வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆகவே கணுக்கள் எல்லாம் வளைவின் உச்சியில் ஒரே கோட்டில் வந்திருந்தன.

ஷ்டுட்கார்ட்டில் இணைப்புகளை நகர்த்திய கதையை அந்த வகுப்புக்கு நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. நோட்டில் அவள் எழுதியிருந்தது இது: "கணு உச்சியில் வரக்கூடாது. ஒன்று விட்டு ஒரு பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும்." அதற்குக் கீழே பென்சிலில் பதினெட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் கணு விழும் இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் தாளின் குறுக்கே மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போயின. நான்காவது பந்தலை அந்தத் தாளைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டே கட்டினார்கள்.